இரண்டரை வினாடிக் கணக்கு

கால்பந்து என்றதும் உருண்டையான ஒரு பந்தும், அதைக் காலால் உதைத்துக்கொண்டு ஓடும் ஆட்டக்காரர்களும் உங்கள் நினைவுக்கு வருவார்கள். அமெரிக்கர்கள் 'ஃபுட்பால்' என்று சொல்லும் ஆட்டம் வேறு. அந்தப் பந்து உருண்டையன்று. இரு முனைகளும் கூம்பிய நீள்வடிவம் உடையது. நீளம் சுமார் 11 அங்குலம். காலுக்கு அந்த ஆட்டத்தில் வேலை குறைவு. கையால் எறிவதும், கையால் பிடிப்பதும், பந்தை வைத்திருப்பவரைக் கட்டிப் பிடித்துத் தரையில் வீழ்த்துவதுமே ஆட்டத்தின் பெரும்பகுதி. பார்வைக்கு வெறும் முரட்டு ஆட்டமாகத் தோன்றும் இதற்குள் ஓர் அருமையான கணக்கு ஒளிந்திருக்கிறது. எதிரணியில் மிகச் சிறந்த எறிவீரர் ஒருவர் இருந்தால் அவரை எப்படி மடக்குவது என்பதே அந்தக் கணக்கு. கூட்டலும் கழித்தலும் தெரிந்தவர் எவரும் அதைப் புரிந்துகொள்ளலாம்.

ஓர் உண்மை நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவோம். 2007ஆம் ஆண்டுப் போட்டிகளில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் என்ற அணி தான் ஆடிய 16 ஆட்டங்களிலும் வென்றது. அந்த அணியின் எறிவீரர் டாம் பிரேடி. அவர் எறிந்த பந்துகளில் 50, எல்லைக்கோட்டைக் கடந்து முழு வெற்றிப் புள்ளிகளைத் தந்தன. அதுவரை எவரும் ஓர் ஆண்டில் எட்டாத எண்ணிக்கை அது. அணி சேர்த்த மொத்தப் புள்ளிகள் 589. ஓர் ஆட்டத்திற்குச் சராசரி ஏறத்தாழ 37. அடுத்து வந்த இரண்டு வெளியேற்று ஆட்டங்களிலும் அதே அணிதான் வென்றது. ஆக, 18 ஆட்டங்கள், 18 வெற்றிகள். எஞ்சியிருந்தது 'சூப்பர் பவுல்' எனப்படும் இறுதியாட்டம் ஒன்றே.

2008 பிப்ரவரி 3ஆம் நாள், அரிசோனா மாநிலத்தில் உள்ள கிளென்டேல் நகரில் அந்த ஆட்டம் நடைபெற்றது. எதிர்த்து நின்றது நியூயார்க் ஜயண்ட்ஸ் அணி. அந்த ஆண்டில் ஆறு ஆட்டங்களில் தோற்றிருந்த அணி அது. ஐந்து வாரங்களுக்கு முன்புதான் இதே பேட்ரியட்ஸ் அணி அவர்களுக்கு எதிராக 38 புள்ளிகள் எடுத்து வென்றிருந்தது. ஆயினும் இறுதியாட்டத்தில் பேட்ரியட்ஸ் எடுத்தவை 14 புள்ளிகள் மட்டுமே. ஜயண்ட்ஸ் எடுத்தவை 17.

சராசரியாக 37 எடுத்தவர்கள் 14இல் நின்றது எப்படி? ஐந்து வாரத்திற்குள் பிரேடி எறிவதை மறந்துவிட்டாரா? அல்லவே! இதை விளங்கிக்கொள்ள ஆட்டத்தின் அமைப்பைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆட்டம் எப்படி நடக்கிறது?

ஆடுகளத்தின் நீளம் 100 கெஜம். அகலம் 53 கெஜத்திற்குச் சற்று மேல். ஒவ்வோர் அணியிலும் ஒரு நேரத்தில் பதினொருவர் களத்தில் நிற்பார்கள். பந்து எந்த அணியிடம் இருக்கிறதோ அது தாக்கும் அணி; மற்றது தடுக்கும் அணி. தாக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் தரப்படும். அதற்குள் பந்தைப் பத்துக் கெஜமாவது முன்னே கொண்டு போனால் மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்துடன் கடந்துவிட்டால் ஆறு புள்ளிகள்.

ஒவ்வொரு முயற்சியும் தொடங்கும்போது இரு அணிகளும் ஒரு கற்பனைக் கோட்டின் இருபுறமும் எதிரெதிரே நிற்கின்றன. நடுவில் நிற்பவர் குனிந்து, பந்தைத் தம் கால்களுக்கிடையே பின்புறமாகக் கொடுக்கிறார். அதை வாங்குபவர்தான் குவார்ட்டர்பேக். அவர் அதை இன்னொருவர் கையில் கொடுத்து ஓடச் செய்யலாம். அல்லது முன்னால் ஓடும் தம் அணியினருக்கு எறியலாம். முன்னோக்கி எறிவதை 1906ஆம் ஆண்டில்தான் விதிகள் அனுமதித்தன. இன்றோ அந்த எறிவே ஆட்டத்தின் உயிர்நாடி.

பந்து கைக்கு வரும் கணத்தில் நம் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதினொருவரைப் பங்கிடுதல்

தாக்கும் அணியில் ஐந்து பேர் மலைபோன்ற உடல் படைத்தவர்கள். அவர்களை நாம் மறிப்போர் என்று அழைக்கலாம். குவார்ட்டர்பேக்கை எவரும் நெருங்காமல் மறிப்பதே அவர்கள் தொழில். விதிப்படி எறியப்பட்ட பந்தை அவர்கள் பிடிக்கக் கூடாது. குவார்ட்டர்பேக் ஒருவர். எஞ்சிய ஐவர் ஓடிச் சென்று பந்தைப் பிடிப்பவர்கள். ஐந்தும் ஒன்றும் ஐந்தும் பதினொன்று.

தடுக்கும் அணிக்கு இப்படிப்பட்ட கட்டுப்பாடு கிடையாது. தன் பதினொருவரை அது விருப்பம்போல் பங்கிட்டுக்கொள்ளலாம். சிலரைக் குவார்ட்டர்பேக் மீது பாய அனுப்பலாம். மற்றவர்களைப் பிடிப்போருக்குக் காவலாக நிறுத்தலாம். எத்தனை பேரை எங்கே அனுப்புவது? இங்கேதான் சிக்கல்.

நால்வரை அனுப்பினால் காவலுக்கு எழுவர் மிஞ்சுகிறார்கள். ஐந்து பிடிப்போருக்கு ஏழு காவலர், தாராளம். ஆனால் பாயும் நால்வருக்கு எதிரே ஐந்து மறிப்போர் நிற்கிறார்கள். அங்கே எதிரிக்குத்தான் தாராளம். சரி, ஆறு பேரை அனுப்புவோம் என்றால், ஐந்து மறிப்போரால் ஆறு பேரைப் பிடிக்க முடியாது. ஒருவர் தடையின்றிப் புகுந்துவிடுவார். ஆனால் காவலுக்கு மிஞ்சுவது ஐவரே. ஒருவருக்கு ஒருவர்தான், அவர்களில் ஒருவர் கால் இடறி விழுந்தாலும் பின்னால் வேறு துணை இல்லை, பந்து நேரே எல்லைக்கோட்டைத் தாண்டிவிடும். இப்படிக் கூடுதல் ஆட்களை அனுப்பிப் பாய்வதை 'பிளிட்ஸ்' என்பார்கள். ஜெர்மன் மொழியில் அதற்கு மின்னல் என்று பொருள்.

ஒரு பக்கம் கூட்டினால் மறுபக்கம் குறைகிறது. பதினொன்றைப் பன்னிரண்டாக ஆக்க எந்தப் பயிற்சியாளராலும் முடியாது. ஆகவே தடுப்பாட்டத்தின் பெரிய கேள்வி இதுதான்: நால்வரை மட்டும் அனுப்பி, ஆறு பேரை அனுப்பினாற்போன்ற பயனைப் பெற வழி உண்டா?

இரண்டு கடிகாரங்கள்

இப்போது நேரத்தைக் கவனிப்போம். சிறந்த ஓட்டக்காரரான ஒரு பிடிப்பாளர் நின்ற நிலையிலிருந்து கிளம்பி முதல் 20 கெஜத்தை ஏறத்தாழ 2.6 வினாடியில் கடந்துவிடுவார். அதற்குமேல் அவர் முழு வேகத்தில் ஓடுவதால் ஒவ்வொரு வினாடிக்கும் பத்துக் கெஜம் கூடுகிறது. காவலரோ அவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று தெரியாமல் பின்தொடர வேண்டியவர். மூன்று வினாடி, நான்கு வினாடி என்று நேரம் நீள நீள, எவ்வளவு திறமையான காவலரும் பின்தங்கிவிடுவார். அதாவது, போதிய நேரம் கொடுத்தால் ஐவரில் எவரேனும் ஒருவர் தனியே அகப்பட்டே தீருவார். இது பிடிப்போரின் கடிகாரம்.

பாய்வோரின் கடிகாரம் இன்னொன்று. பந்தை வாங்கிய குவார்ட்டர்பேக் கோட்டிலிருந்து ஏறத்தாழ ஏழு கெஜம் பின்வாங்கி நிற்கிறார். வரிசையின் ஓரத்திலிருந்து கிளம்பும் ஒருவர், வழியில் எவரும் மறிக்காவிட்டால், வளைந்து ஓடி இரண்டு வினாடிக்குள் அவரை எட்டிவிடுவார். 140 கிலோ எடையுள்ள மறிப்பாளர் ஒருவர் குறுக்கே நின்றால் மூன்று வினாடிக்கும் மேல் ஆகலாம். எட்டாமலே போகவும் நேரலாம். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டங்களில் குவார்ட்டர்பேக் பந்தைக் கையில் வைத்திருக்கும் நேரம் பெரும்பாலும் இரண்டரை வினாடிக்கும் மூன்று வினாடிக்கும் இடைப்பட்டது. எந்தக் கடிகாரம் முந்துகிறதோ அந்த அணிக்கு வெற்றி.

பந்து காற்றில் பறக்கவும் நேரம் வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் எறிந்தாலும் 30 மீட்டர் தொலைவைக் கடக்க ஒரு வினாடிக்கு மேலாகிறது. அதற்குள் பிடிப்பாளர் பத்து மீட்டர் ஓடியிருப்பார். ஆகவே குவார்ட்டர்பேக் ஆள் இருக்கும் இடத்திற்கு எறிவதில்லை. ஆள் வரப்போகும் இடத்திற்கு எறிகிறார். இதற்கு அவர் கால்களை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, தோளைச் சுழற்ற வேண்டும். பக்கத்தில் ஒருவர் மூச்சுவிடும் தொலைவில் இருந்தால் இவற்றை ஒழுங்காகச் செய்ய முடியாது. பந்து கையில் இருக்கும்போதே அவரைக் கோட்டிற்குப் பின்னால் வீழ்த்திவிடுவதை 'சாக்' என்கிறார்கள். வீழ்த்தாவிட்டாலும் குற்றமில்லை, அரை வினாடி முன்னதாக எறியச் செய்தாலே பாதி வெற்றி.

ஓர் அடிக்கோல் சோதனை

பாய்வது ஒரு வழி. மயக்குவது இன்னொரு வழி. இதைப் புரிந்துகொள்ள நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம்.

30 செ.மீ. அடிக்கோல் ஒன்றை உங்கள் நண்பர் மேல்நுனியில் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடட்டும். கீழ்நுனியில், சுழிக்கு நேராக, உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கோலைத் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் சொல்லாமல் கோலை விடுவார். நீங்கள் பற்ற வேண்டும். 20 செ.மீ. குறியில் பற்றினீர்கள் என்றால், புவியீர்ப்பு விதிப்படி உங்கள் எதிர்வினை நேரம் 0.2 வினாடி. 15 செ.மீ. என்றால் 0.175 வினாடி. இதற்குமேல் வெகுவாகக் குறைக்க எவராலும் இயலாது.

இனி, இரு கைகளுக்கும் இரண்டு அடிக்கோல்கள். எந்தக் கோல் விழும் என்பது உங்களுக்குத் தெரியாது. விழும் கோலை மட்டும் பற்ற வேண்டும். மற்றக் கையை மூடக் கூடாது. செய்து பாருங்கள், முன்போல் 20 செ.மீ.யில் பற்ற முடியாது. பலருக்குக் கோல் நழுவியே போகும். எதிர்பார்க்க வேண்டியவை இரண்டானதும் மூளைக்குக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. 1868ஆம் ஆண்டிலேயே டச்சு உடலியல் அறிஞர் டாண்டர்ஸ் இத்தகைய வேறுபாட்டை அளந்து காட்டினார். 1952இல் ஆங்கில உளவியல் அறிஞர் ஹிக், விளக்குகளையும் அழுத்து பொத்தான்களையும் கொண்டு செய்த ஆய்வில், தேர்ந்தெடுக்க வேண்டியவற்றின் எண்ணிக்கை இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் எதிர்வினை நேரம் ஏறத்தாழ ஒரே அளவு கூடுகிறது என்று கண்டார்.

குவார்ட்டர்பேக்கின் நிலையும் இதுதான். பந்தை வாங்குவதற்கு முன்பே அவர் எதிரே நிற்பவர்களை உற்றுப் பார்க்கிறார். யார் பாய்வார், யார் பின்வாங்குவார் என்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டால், அவருக்கு ஒரே ஓர் அடிக்கோல்தான். அவர் நினைத்ததற்கு மாறாக நடந்தால்? மறுபடி பார்த்து, மறுபடி எண்ணி, வேறொருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டரை வினாடியில் அரை வினாடி அப்படியே கரைந்துவிடும்.

இதை நன்கு பயன்படுத்தியவர் டிக் லெபோ என்ற பயிற்சியாளர். 1980-களில் சின்சினாட்டி நகர அணியில் இருந்தபோது அவர் ஒரு முறையை வளர்த்தெடுத்தார். முன்வரிசையில் நிற்கும் பெரிய ஆள் பாய்வதுபோல் நின்று, பந்து அசைந்ததும் பின்வாங்கிக் காவலுக்குப் போய்விடுவார். எதிர்பாராத வேறோர் இடத்திலிருந்து வேறொருவர் பாய்வார். பாய்வோரின் எண்ணிக்கை கூடவில்லை, காவலரும் குறையவில்லை. ஆயினும் மறிப்போர் தவறான ஆளுக்காகக் காத்து நிற்கிறார்கள். குவார்ட்டர்பேக் காலியாக இருக்கும் என்று எண்ணி எறியும் இடத்தில் 130 கிலோ ஆள் ஒருவர் நிற்கிறார். இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் வியப்பூட்டும் பகுதி இதுவே. ஓடவும் குதிக்கவும் தெரியாத ஒரு கனத்த மனிதர், வெறுமனே எதிர்பாராத இடத்தில் நிற்பதாலேயே பயன்படுகிறார்!

அரிசோனாவில் நடந்தது

பிரேடி எப்படிப்பட்டவர்? அவர் வேகமாக ஓடக் கூடியவர் அல்லர். மறிப்போர் அவரைச் சுற்றி ஒரு வளையம்போல் நிற்பார்கள். அதைப் 'பாக்கெட்' என்பது வழக்கம். ஓரங்களிலிருந்து பாய்பவர்கள் நெருங்கினால், அவர் பதற்றமின்றி ஓரடி, ஈரடி முன்னே நகர்வார். பாய்ந்தவர்கள் அவருக்குப் பின்னால் வெறும் காற்றைத் தழுவிக்கொண்டு போவார்கள். கூடுதல் ஆட்களை அனுப்பினாலோ, காவல் எங்கே குறைந்தது என்று நொடியில் கண்டு அங்கே எறிந்துவிடுவார். ஆகவே ஓரங்களில் பாய்ந்தும் பயனில்லை. பிளிட்ஸ் மட்டும் போதாது. அவர் முன்னே நகரும் அந்த ஈரடி இடத்தை அடைக்க வேண்டும். அதாவது, நடுவிலிருந்து பாய வேண்டும்.

ஜயண்ட்ஸ் அணியின் தடுப்பாட்டப் பயிற்சியாளர் ஸ்டீவ் ஸ்பாக்னுவோலோ. பிளிட்ஸ் முறைகளுக்குப் பேர்போன ஜிம் ஜான்சன் என்பவரிடம் ஃபிலடெல்ஃபியாவில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். அவரிடம் ஓரத்திலிருந்து பாய்வதில் வல்லவர்கள் மூவர் இருந்தனர்: மைக்கேல் ஸ்ட்ராஹன், ஓசி உமென்யோரா, ஜஸ்டின் டக். ஓரங்களோ இரண்டுதான். மூன்றாமவரை வெளியே உட்கார வைக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. எறிவு வரும் என்று தெரிந்த நேரங்களில் டக்கை நடுவில் நிறுத்தினார். நடுவில் நிற்கும் மறிப்போர் கனமான, மெதுவான எதிரிகளைத் தள்ளிப் பழகியவர்கள். ஓரத்து வேகத்தோடு ஒருவர் தங்களைக் கடந்து போனபோது அவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. நடுவழி குறுக்குவழியும் அல்லவா! வளைந்து ஓட வேண்டிய தேவையே இல்லை.

நால்வரே பெரும்பாலும் பாய்ந்தார்கள். சமயம் பார்த்து வேறொருவரும் சேர்ந்துகொண்டார். பின்வரிசைக் காவலரான கவிக்கா மிட்செல் அப்படி ஒருமுறை பாய்ந்து பிரேடியை வீழ்த்தினார். டக் இரண்டு முறை வீழ்த்தினார். அவற்றுள் ஒன்று முதற்பாதி முடியும் தறுவாயில். அப்போது பிரேடியின் கையிலிருந்த பந்தே நழுவி, அதை உமென்யோரா எடுத்துக்கொண்டார். 15 ஆண்டுகள் ஜயண்ட்ஸ் அணிக்கே ஆடிய ஸ்ட்ராஹனுக்கு அது கடைசி ஆட்டம். அவரும் ஒரு சாக் எடுத்தார். கடைசி அரை நிமிடத்தில் இன்னொன்று. ஆக மொத்தம் ஐந்து. ஆண்டு முழுவதும் 16 ஆட்டங்களில் பிரேடி வீழ்த்தப்பட்டது 21 முறைதான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஐந்து சாக்கைவிட முக்கியமானது வேறோர் எண். அந்த ஆண்டின் 16 ஆட்டங்களில் பிரேடி 578 முறை எறிந்து 4,806 கெஜம் ஈட்டினார். ஓர் எறிவுக்கு 8.3 கெஜம். இறுதியாட்டத்தில் 48 முறை எறிந்து 266 கெஜம். ஓர் எறிவுக்கு 5.5 கெஜம். நீண்ட எறிவுக்குப் பிடிப்பாளர் ஓடி முடிக்கும்வரை காத்திருக்க முடியாமல், அருகில் இருப்பவருக்கே அவர் எறிய வேண்டியிருந்தது. நேரம் குறைந்தது, தூரம் குறைந்தது, அவ்வளவுதான்.

தடுப்பாட்டத்திற்கு இன்னோர் உதவியும் கிடைத்தது. ஜயண்ட்ஸ் அணி தன் முதல் தாக்குதலில் பந்தை 9 நிமிடம் 59 வினாடி தன்னிடமே வைத்துக்கொண்டது. கிடைத்தவை மூன்று புள்ளிகள்தான். ஆனால் ஆட்டத்தின் முதல் கால்பகுதியான 15 நிமிடத்தில் பத்து நிமிடம் பிரேடி களத்திற்கு வெளியே உட்கார்ந்திருந்தார். எறிவீரரைத் தடுக்க மிக எளிய வழி அவர் கைக்குப் பந்தே போகாமல் பார்த்துக்கொள்வதல்லவா?

எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இத்தனை திட்டமிட்டும் ஆட்டம் முடிய 2 நிமிடம் 42 வினாடி இருக்கும்போது பிரேடி ராண்டி மாஸுக்கு எறிந்து 14-10 என்று முன்னேறிவிட்டார். ஜயண்ட்ஸ் வெற்றிப் புள்ளிகளை எடுத்தது 35 வினாடி எஞ்சியிருக்கும்போதுதான். நல்ல திட்டம் தோல்வியைத் தள்ளிப்போட்டது. வெற்றியை அவர்களுடைய தாக்கும் அணி கடைசி நேரத்தில் பறித்து வந்தது.

மோதலின் விலை

வீழ்த்துவது, வீழ்த்துவது என்று எளிதாக எழுதிவிட்டோம். அதன் பொருள் என்ன? 120 கிலோ எடையுள்ள ஒருவர் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வந்து, அசையாமல் நிற்கும் 100 கிலோ மனிதர்மீது மோதிக் கட்டிப்பிடிக்கிறார் என்க. உந்தம் மாறாது என்ற விதிப்படி இருவரும் சேர்ந்து வினாடிக்கு 2.7 மீட்டர் வேகத்தில் நகர்வார்கள். மோதும் முன் இருந்த இயக்க ஆற்றல் 1,500 ஜூல். மோதிய பின் 820 ஜூல். எஞ்சிய 680 ஜூல் எங்கே போயிற்று? இரு உடல்களிலும், அவற்றின் கவசங்களிலும்தான். 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்று 1.4 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் எவ்வளவு ஆற்றலோ அவ்வளவு. அதன்பின் தரையில் விழும் அடி வேறு.

அரிசோனா ஆட்டம் முடிந்து ஏழே மாதத்தில், 2008 செப்டம்பர் 7ஆம் நாள், புதிய ஆண்டின் முதல் ஆட்டத்திலேயே எதிரணி வீரர் ஒருவரின் மோதலில் பிரேடியின் இடது முழங்கால் தசைநார்கள் கிழிந்தன. அந்த ஆண்டு முழுவதும் அவர் ஆடவில்லை. தரையில் விழுந்து கிடக்கும் வீரர் குவார்ட்டர்பேக்கின் முழங்காலை நோக்கிப் பாயக் கூடாது என்பதை 2009இல் விதியாகத் தெளிவுபடுத்தினார்கள். எறிவீரரின் தலையில் அடிப்பதற்கும், பந்து கையைவிட்டுப் போன பிறகு அவரை இடிப்பதற்கும் தண்டனை உண்டு. பாய்பவர் எந்த வேகத்தில் வந்தாலும் கடைசிக் கணத்தில் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். 0.2 வினாடி எதிர்வினை நேரம் அவருக்கும் உண்டு என்பதால் இது சொல்லுகிற அளவுக்கு எளிதன்று.

ஆளுக்கேற்ற வலை

ஒரே திட்டம் எல்லாக் குவார்ட்டர்பேக்குக்கும் பொருந்துமா? பொருந்தாது. இதே ஜயண்ட்ஸ் அணி 1991 ஜனவரி 27ஆம் நாள் டாம்பா நகரில் நடந்த இறுதியாட்டத்தில் முற்றிலும் மாறான வழியைக் கையாண்டது. எதிரணி பஃபலோ பில்ஸ். அதன் குவார்ட்டர்பேக் ஜிம் கெல்லி. முயற்சிகளுக்கிடையே இளைப்பாற விடாமல் அடுத்தடுத்து எறிந்துகொண்டே இருப்பது அவர் பாணி. ஒரு வாரத்திற்கு முன் 51 புள்ளிகள் எடுத்து வந்த அணி அது.

ஜயண்ட்ஸ் முன்வரிசையில் பல சமயம் இருவரை மட்டும் நிறுத்தி, மற்றவர்களையெல்லாம் காவலுக்கு அனுப்பியது. அப்படியானால் பந்தைக் கையில் வாங்கி ஓடுபவருக்கு வழி திறந்துவிடுமே? ஆம், திறந்துவிட்டார்கள். ஓட்ட வீரர் தர்மன் தாமஸ் நூறு கெஜம் ஓடினாலும் கவலையில்லை என்று பயிற்சியாளர் முன்னதாகவே வீரர்களிடம் சொல்லியிருந்தார். ஓடுவது மெதுவான வழி. எறிவதுதான் ஆபத்து என்பது அவர் கணக்கு. தாமஸ் 135 கெஜம் ஓடினார். கெல்லியால் ஓர் எறிவைக்கூட எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்க்க முடியவில்லை. 60 நிமிட ஆட்டத்தில் பந்து 40 நிமிடம் 33 வினாடி ஜயண்ட்ஸிடமே இருந்தது. 20-19 என்று ஒரே புள்ளியில் வென்றார்கள். அந்தத் திட்டத்தின் தாள்கள் ஓஹியோ மாநிலம் கான்டன் நகரில் உள்ள அருங்காட்சியகத்திற்குச் சென்றன. திட்டத்தை வகுத்த பயிற்சியாளர் பில் பெலிசிக். 2008இல் தோற்ற பேட்ரியட்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளரும் அவரேதான்!

ஓடக் கூடிய குவார்ட்டர்பேக் என்றால் கணக்கு மறுபடி மாறுகிறது. கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் பேட்ரிக் மஹோம்ஸ் வளையத்தைவிட்டு வெளியே ஓடிக்கொண்டே, கால் ஊன்றாமல்கூட எறிவதில் வல்லவர். அவர்மீது கண்மூடிப் பாய்ந்தால் இடைவெளியில் நழுவிவிடுவார். 2020 நவம்பரில் டாம்பா பே பக்கனியர்ஸ் அணிக்கு எதிராக அவர் டைரீக் ஹில் என்ற மின்னல் ஓட்டக்காரருக்கு எறிந்து, முதல் கால்பகுதியில் மட்டும் 203 கெஜம் ஈட்டினார். 2021 பிப்ரவரி 7ஆம் நாள் இறுதியாட்டத்தில் அதே இரு அணிகளும் மீண்டும் சந்தித்தன. டாம்பாவின் தடுப்பாட்டப் பயிற்சியாளர் டாட் போல்ஸ், பிளிட்ஸ் பிரியர் என்று பெயர் பெற்றவர், அன்று தம் பழக்கத்தைக் கைவிட்டார். பெரும்பாலும் நால்வரையே அனுப்பினார். இரு காவலர்களை வெகு பின்னால் நிறுத்தி, நீண்ட எறிவின் கதவைச் சாத்தினார். சீஃப்ஸ் அணியின் ஓரத்து மறிப்போர் இருவரும் காயத்தால் ஆடாதது அவருக்கு நல்வாய்ப்பு. மஹோம்ஸ் எறிவதற்கு முன் அங்குமிங்கும் ஓடிய தூரத்தை அளவீட்டுக் கருவிகளைக் கொண்டு கூட்டிப் பார்த்தபோது 497 கெஜம் வந்தது. நான்கு முழு ஆடுகளங்களுக்கும் மேல்! ஓர் எறிவுக்கு அவர் ஈட்டியது 5.5 கெஜம். 2008இல் பிரேடிக்குக் கிடைத்த அதே எண். டாம்பா 31-9 என்று வென்றது. அன்று வென்ற அணியின் குவார்ட்டர்பேக் அதே டாம் பிரேடி; தோற்ற அணியின் தடுப்பாட்டப் பயிற்சியாளர் அதே ஸ்பாக்னுவோலோ.

நால்வரை அனுப்பி அறுவரின் பயனைப் பெற வழி உண்டா என்று தொடக்கத்தில் கேட்டோம். 2025 பிப்ரவரி 9ஆம் நாள் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி மஹோம்ஸை மீண்டும் இறுதியாட்டத்தில் சந்தித்தது. அதன் தடுப்பாட்டப் பயிற்சியாளர் விக் ஃபாஞ்சியோ, ஆட்டம் முழுவதிலும் ஒருமுறைகூட பிளிட்ஸ் அனுப்பவில்லை. பாய்ந்தது நால்வர், காவலில் நின்றது எழுவர். முதற்பாதி முடிவில் ஈகிள்ஸ் 24, சீஃப்ஸ் 0. ஆட்ட முடிவில் 40-22. மஹோம்ஸ் அன்று ஆறு முறை வீழ்த்தப்பட்டார்; அவருடைய ஆட்ட வாழ்க்கையில் அதற்குமுன் எந்த ஆட்டத்திலும் அத்தனை முறை அவர் வீழ்ந்ததில்லை.